தொண்ணூற்றிரண்டு சிட்டிகை கடுகு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது இல்லை. நான் எழுதிய ஒரு கட்டுரை திரும்பி வந்ததால் பிறந்தது.

என் சிநேகிதி சசிகலா சென்னையில் ஒரு மாத இதழ் நடத்துகிறாள். வேளாண்மைச் சிறப்பிதழுக்கு ‘இந்தியாவும் உலக உணவுச் சந்தையும்’ என்று தலைப்பையும் அவளே கொடுத்து, இரண்டாயிரத்து ஐந்நூறு வார்த்தையில் ஒரு கட்டுரை கேட்டாள். நான் கணியம்பாடியில் என் வீட்டை விட்டு இறங்காமல் பத்து நாள் புள்ளிவிவரம் சேர்த்தேன். சேர்த்ததை வைத்து இப்படி ஆரம்பித்தேன்:

“பால் உற்பத்தியில் முதலிடம். பருப்பில் முதலிடம். சிறுதானியத்தில் முதலிடம். நாடு விட்டு நாடு போகும் அரிசியில் பத்துப் படிக்கு ஏறக்குறைய நாலு படி நம்முடையது. இத்தகைய பெருமைமிகு

‘பெருமைமிகு’ என்ற சொல்லுக்குப் பிறகு அந்த வாக்கியம் நகர மறுத்தது. தள்ளிக்கொண்டு போய் எப்படியோ முடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் சசிகலா போன் செய்தாள்.

“எல்லாம் சரியா இருக்கு. ஆனா இந்தக் கட்டுரையில ஒரு ஆளுகூட சாப்பிடலையே” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்துவிட்டது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அப்போதுதான் கோகுலகிருஷ்ணன் ஞாபகம் வந்தது. என் தங்கையோடு படித்தவன். ஆலங்காயத்தில் தானியம் ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறான். “ஜவ்வாது மலையிலேர்ந்து மொத மொதலா ஒரு லோடு சாமை எறங்கியிருக்குக்கா, ஜெர்மனிக்குப் போவுது. வேணும்னா மேல போய்ட்டு பாருங்க” என்றான். புறப்பட்டேன்.

2

ஆனால் நான் புறப்படும் முன்பே கதையைத் தொடங்கிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பார்க்காத இடத்தைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தாராளமாக ஓடும்.

“ஜவ்வாது மலையில் பனி விலகாத அதிகாலையில், வள்ளி தன் சாமைக் கொல்லையில் நின்றபடி தூரத்தில் தெரியும் உலகத்தைப் பார்த்தாள்.”

இதில் உள்ள தவறுகள்: அந்தக் கொல்லையிலிருந்து உலகம் தெரியாது, ஆலங்காயமே தெரியாது. அதிகாலையில் அங்கே போக என்னிடம் வண்டி இல்லை. பஸ் ஒன்பதரைக்குத்தான் வந்தது, வந்த பஸ்ஸும் காவலூரில் டிரைவர் டீ குடிக்க நின்றது. வள்ளி என்று அங்கே யாரும் இல்லை. பச்சையம்மா என்று ஒருத்தி இருந்தாள்.

நான் இறங்கியபோது அவள் உமி நீக்கும் மிஷின் வைத்திருக்கும் கொட்டகை வாசலில் நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். திட்டி முடித்ததும் அதே குரலில் என்னை வரவேற்றாள்.

போன வருஷம் வரைக்கும் இந்த ஊரில் சாமை விற்றது இப்படி: அறுவடை முடிந்ததும் கீழேயிருந்து வியாபாரி வண்டியோடு வருவார். விலையை அவர் சொல்வார். அளக்கிற படியையும் அவரே கொண்டுவருவார். பச்சையம்மா அதை மாற்றினாள். முப்பத்தெட்டு வீடுகளைச் சேர்த்து ஒரு குழு ஆக்கி, சாமையை மலையிலேயே உமி நீக்கி, சுத்தம் செய்து, மூட்டை கட்டி, நேராக கோகுலகிருஷ்ணனின் நிறுவனத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். முப்பத்தெட்டு வாசலிலும் நின்று, “நான் பொறுப்பு” என்று சொன்னாள்.

கடைசியாக ஒத்துக்கொண்டவர் தீர்த்தகிரி. ஐம்பது தாண்டியவர், பச்சையம்மாவுக்கு மாமா முறை, எதற்கும் சட்டென்று தலையாட்டாதவர்.

“போன சாமை திரும்பி வந்துச்சின்னா?” என்று அவர் கேட்டிருக்கிறார்.

“திரும்பி வந்துச்சின்னா இனிமே எந்த வூட்டு வாசல்லயும் வந்து நின்னு பேச மாட்டேன் மாமா. நீங்க பழையபடி வியாபாரிக்கே போடுங்க” என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஊரே கேட்கச் சொன்ன வார்த்தை.

தொண்ணூற்றிரண்டு மூட்டை ஆலங்காயம் இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“நீங்க எதப் பத்தி மேடம் எழுதுறீங்க?” என்று பச்சையம்மா கேட்டாள்.

“இந்தியா உலகத்துக்கே சாப்பாடு போடுறதைப் பத்தி.”

“அப்பிடியா. நீங்க சாப்டீங்களா?”

சாப்பிடவில்லை. சுடச்சுட நாலு போண்டாவும் டீயும் வந்தன.

[அடிக்குறிப்பு: அந்தப் போண்டா பொரிந்தது ரேஷன் கடைப் பாமாயிலில். பாமாயில் நமக்குப் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. உலகத்துக்கு அரிசி அனுப்பும் நாம்தான் சமையல் எண்ணெயை உலகத்திலேயே அதிகமாக வாங்குகிறோம். பருப்பை அதிகமாக விளைவிப்பதும் நாம்தான், போதாமல் அதிகமாக வாங்குவதும் நாம்தான். என் கட்டுரையில் இதற்கு இரண்டு பக்கம் செலவழித்திருந்தேன். போண்டாவில் நாலு வாயில் முடிந்துவிட்டது.]

3

கதை என்றால் ஏதாவது நடக்க வேண்டும். நான் மூன்றாவது போண்டாவில் இருந்தபோது நடந்தது.

கோகுலகிருஷ்ணன் பைக்கில் ஏறி வந்தான். வழக்கமாக நின்று நிதானமாக எல்லோரையும் விசாரிப்பவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“பச்சையம்மாக்கா, சாம்பிள் ரிசல்ட் வந்துட்டுது. பூச்சி இல்ல, மருந்து இல்ல, ஈரமெல்லாம் சரியா கீது.” ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினான். “ஆனா கடுகு கீது.”

“கடுகு இருந்தா இன்னா?”

“ஜெர்மனிக்காரங்க எடுத்துக்க மாட்டாங்கக்கா. அங்க சில பேருக்குக் கடுகு ஒத்துக்காது. அலர்ஜி. தெரியாம சாப்ட்டா மூச்சே நின்னுடும். அதனால எதுல கடுகு இருந்தாலும் பாக்கெட் மேல எழுதணும்னு அந்தப் பக்கம் சட்டம். நம்ம பாக்கெட்ல எழுதல. சாமைன்னு மட்டும்தான் போட்டுகீது.”

பச்சையம்மாவுக்கு நிஜமாகவே வருத்தமாகப் போய்விட்டது. “கடுகு ஒத்துக்காதவங்ககூட இருக்காங்களா? பாவம், எதப் போட்டுத் தாளிப்பாங்க?” என்றாள்.

அதற்குள் கொட்டகைக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். கோகுலகிருஷ்ணன் மீதியைச் சொன்னான். மூன்று மூட்டையில் குத்தி எடுத்த சாம்பிள், மூன்றிலும் கடுகு. கன்டெய்னர் அடுத்த வாரம் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது. அதற்குள் சாமையைச் சுத்தம் செய்து, மறு பரிசோதனையில் தேறினால் கப்பல். தேறாவிட்டால் தொண்ணூற்றிரண்டு மூட்டையும் இதே மலைக்கு.

“எப்பிடிக் கலந்துதுன்னு ஒரு காரணம் எழுதணும். கொல்லையிலயே கலந்துட்டுதுன்னு போட்டுடவா?” என்று போனை எடுத்தான்.

கொல்லை என்ற சொல் வந்ததும் அத்தனை முகமும் தீர்த்தகிரி பக்கம் திரும்பின. சாமைக்குள் கடுகைக் கலந்து விதைப்பது அந்த மலையில் எல்லோரும் செய்துவந்ததுதான். இந்த வருஷம் மட்டும் வேண்டாம் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி மட்டும் கொல்லை ஓரமாக நாலு சால் போட்டிருந்தார்.

“இன்னாத்துக்கு எல்லாரும் என்னையே பாக்குறீங்க? தனியா அறுத்து, தனியா அடிச்சி, வூட்டுல டப்பாவுல வெச்சிகீறேன். வந்து பாருங்க” என்றார்.

“போட்டது போட்டதுதான மாமா” என்றாள் மிஷின் ஓட்டுகிற கலைவாணி.

4

இந்த இடத்தில் கதையாசிரியைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நல்ல மர்மக்கதை கையில் வந்து விழுந்திருக்கிறது. கடுகு கொல்லையிலிருந்து வந்ததா, மிஷினிலிருந்தா, கோணிப்பையிலிருந்தா? முதல் வரைவில் இதை நாலு பக்கத்துக்கு இழுத்தேன். தீர்த்தகிரி வீட்டுக் கடுகு டப்பாவைத் திறந்து பார்க்கும் காட்சி ஒன்று. கலைவாணியின் மேல் சந்தேகம் வரும்படி ஒரு வாக்கியம். “அவள் கண்களில் ஏதோ ஒன்று

(இல்லை. கலைவாணியின் கண்களில் உமித்தூசுதான் இருந்தது. அந்த வாக்கியத்துக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

நடந்ததில் மர்மம் அரை டம்ளர் டீ குடிக்கிற நேரம்தான் இருந்தது. பச்சையம்மா குடித்த டம்ளரைக் கீழே வைத்தாள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கோகுலகிருஷ்ணன் ‘கொல்லை’ என்று எழுதியிருப்பான். ஊர் ஒரு வாரம் தீர்த்தகிரியைத் திட்டிவிட்டு மறந்திருக்கும். அவள் தப்பிக்கக் கதவு திறந்தேதான் கிடந்தது.

“மாமா மேல தப்பில்ல” என்றாள். “நான்தான் போட்டேன்.”

“எங்கக்கா போட்டீங்க?” என்றான் கோகுலகிருஷ்ணன்.

“மூட்டையிலதான். வாய் தைக்கறதுக்கு முன்னாடி. மூட்டைக்கு ஒரு சிட்டிகை.”

“இன்னாத்துக்கு?”

“திருஷ்டிக்கு.”

அவளே தொடர்ந்தாள். “களத்துல குமிச்சா அங்கயே சுத்திப் போட்டுடுவோம். இது கப்பல்ல போவுது. லாரில ஏத்தறவன், எறக்கறவன், கப்பல்காரன், எத்தினி பேரு கண்ணு இது மேல படும்? அங்க போய் எறங்கனா யாரு இதுக்குச் சுத்திப் போடப் போறாங்க? அதான் கூடவே வெச்சி அனுப்பினேன்.”

[அடிக்குறிப்பு: அறுத்துக் குவித்த தானியத்துக்கு உப்பு, மிளகாய், கடுகு சுற்றி நெருப்பில் போடுவது உண்டு. மூட்டைக்குள் போட்டு அனுப்புவது யாருடைய வழக்கமும் இல்லை. அது பச்சையம்மா தன் சொந்த யோசனையில் செய்த முன்னேற்றம். ஆராய்ச்சி செய்பவர்கள் இதை மலைவாழ் மக்களின் தொன்மையான சடங்கு என்று எழுதிவிட வேண்டாம்.]

கோகுலகிருஷ்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தான். பூச்சி விழுந்திருந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியும். ஈரம் ஏறியிருந்தாலும் தெரியும். அக்கறை ஏறிய மூட்டைக்கு அவன் படித்த படிப்பில் மருந்து இல்லை.

எல்லோரும் தீர்த்தகிரி என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள். இந்த இடத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவரைக் கத்த விட்டேன். ஒன்றில் துண்டை உதறிக்கொண்டு போக விட்டேன். ஒன்றில் அவர் பச்சையம்மாவை மன்னித்து ஒரு நீண்ட வசனம் பேசினார். அது படிக்கச் சகிக்கவில்லை. அவர் செய்தது இது:

“என் மூட்டையிலயும் போட்டியா?” என்று கேட்டார்.

“போட்டேன் மாமா.”

“எத்தினி சிட்டிகை?”

“எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“எனுக்கு ரெண்டு போட்டிருக்கணும். இந்த வருசம் என் சாமைதான் நல்லா வந்துகீது.”

முதலில் கலைவாணி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பச்சையம்மா சிரிக்கவில்லை. “திரும்பி வந்துச்சின்னா நான் சொன்னது சொன்னதுதான் மாமா” என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

5

(இந்தப் பகுதியில் என் பழைய கட்டுரையிலிருந்து ஒரு பத்தி இருந்தது. 2023-இல் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும் எங்கெங்கோ இருக்கும் ஊர்களின் சந்தையில் அரிசி விலை ஏறியதையும், மறு வருஷம் கதவைத் திறந்ததும் இறங்கியதையும் பற்றியது. ஒரு பெரிய நாடு ஒரே ஒரு உத்தரவில் உலகத்தின் அடுப்பை ஆட்டிவைக்க முடியும் என்று முடித்திருந்தேன். எடுத்துவிட்டேன். ஒரு சிட்டிகையாலும் ஆட்ட முடியும் என்று இப்போது தெரிந்துவிட்டதால் அந்தப் பத்தியின் கம்பீரம் போய்விட்டது.)

6

செவ்வாய்க்கிழமை காலையில் மினி லாரியில் இருபத்திரண்டு பெண்கள் ஆலங்காயம் இறங்கினார்கள். தீர்த்தகிரியும் வந்தார். தன் மூட்டைகளைக் கண்காணிக்க என்று சொன்னார்.

சாமையிலிருந்து கடுகைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை. முறத்தைச் சாய்த்து லேசாகத் தட்டினால் உருண்டையான கடுகு முதலில் ஓடிவிடும், சாமை பின்தங்கும். எல்லோரும் வீட்டு முறத்தோடு வந்திருந்தார்கள். கிடங்கு வாசலில் கோகுலகிருஷ்ணன் வழிமறித்தான்.

“இது எதுல மெழுகினது?”

“சாணிலதான். இன்னாத்துல மெழுகுவாங்க?” என்றாள் கலைவாணி.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. கடுகுக்கே இந்தப் பாடு. சாணி என்று ஜெர்மனியில் ஒரு காகிதம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவன் கற்பனை செய்திருக்க வேண்டும். இருபத்திரண்டு முறமும் லாரிக்குத் திரும்பின. அவன் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் எவர்சில்வர் தாம்பாளத் தட்டுகள் வாங்கிவந்தான். வளையலைக் கழற்றச் சொன்னான், கையுறை கொடுத்தான், தலைக்கு ஒரு நீல வலைத்தொப்பி கொடுத்தான். தொப்பியோடு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. தீர்த்தகிரிக்கும் ஒரு தொப்பி. மீசைக்கு ஒன்று வேண்டாமா என்று அவர் கேட்டார். கோகுலகிருஷ்ணன் யோசித்துவிட்டு, வேண்டும் என்று ஒரு முகமூடியும் கொடுத்தான்.

தட்டு வழுக்கும் என்பதால் முறத்தைவிட வேகமாகக் கடுகு ஓடியது. நானும் ஒரு தட்டை வாங்கி உட்கார்ந்தேன். என் தட்டிலிருந்து சாமையும் கடுகும் சேர்ந்தே ஓடின. பத்து நிமிஷத்தில் பச்சையம்மா தட்டை என்னிடமிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டாள். “நீங்க எழுதுங்க மேடம்” என்றாள். என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் கடுமையானது அதுதான்.

“இத அந்த ஊர்ல எப்பிடிச் சாப்பிடுவாங்க?” என்று கலைவாணி கேட்டாள்.

“பாலுல வேக வெச்சி, மேல பழத்த வெட்டிப் போட்டு” என்றான் கோகுலகிருஷ்ணன்.

“கொழம்பு?”

“கொழம்பு இல்ல.”

இருபத்திரண்டு பேரும் தட்டை நிறுத்திவிட்டு அந்த நாட்டுக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட்டார்கள்.

மத்தியானம் வாசலில் அடுப்பு மூட்டி, தீர்த்தகிரி வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமையில் சோறு ஆக்கினார்கள். தேங்காய்ச் சட்னி. தாளிக்கக் கடுகு வாங்க யாரோ கடைக்குக் கிளம்பியபோது, “இன்னாத்துக்கு, இதுதான் கீதே” என்று பச்சையம்மா டம்ளரை நீட்டினாள். காலையிலிருந்து பொறுக்கியது அதில் கால்வாசி இருந்தது. கப்பலேறிப் போக வேண்டிய திருஷ்டிக் கடுகு மலேசியப் பாமாயிலில் படபடவென்று வெடித்தது. சசிகலா, குறித்துக்கொள்: இந்தக் கதையில் இருபத்தைந்து பேர் சாப்பிடுகிறார்கள், நான் இரண்டு முறை.

மூன்று நாள். தொண்ணூற்றிரண்டு மூட்டையும் தட்டு மாறி வெளியே வந்தது. மேலாகப் பார்த்தால் போதும் என்று ஒருத்தி சொன்னபோது பச்சையம்மா விடவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் அடிவரை கொட்டிப் பார்த்தாள்.

கடைசி நாள் அவள் பேச்சு குறைந்துவிட்டது. நான்கு நாளில் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். கடைசி மூட்டையின் வாயைத் தைக்கும்போது அவள் கை தன்னால் இடுப்புச் சுருக்குப் பைக்குப் போனது. அதில் கடுகு இருந்தது. கை அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணும் போடாம அனுப்பறது பயமா கீது மேடம்” என்றாள்.

அவளிடம் சொல்ல என்னிடம் புள்ளிவிவரம் மட்டும்தான் இருந்தது. எனக்கும் பயமாக இருந்தது, அவளுக்காக. அவள் பையின் சுருக்கை இழுத்து மூடிவிட்டு வெறுங்கையால் மூட்டையை ஒரு தட்டுத் தட்டினாள். தைத்தாள்.

அன்று மாலையே மறு சாம்பிள் சென்னை ஆய்வுக்கூடத்துக்குப் போனது.

7

இனி முடிவு. ஒன்றுக்கு மூன்றாகக் கைவசம் இருக்கிறது.

முடிவு அ: சாம்பிள் தேறுகிறது. லாரிக்கு மாலை போடுகிறார்கள். தீர்த்தகிரி அடுத்த வருஷம் கூடுதலாக அரை ஏக்கர் சாமை போடப்போவதாகச் சொல்கிறார். பச்சையம்மா முப்பத்தெட்டு வாசலுக்கும் போகிறாள், ஒவ்வொரு வாசலிலும் டீ. எனக்கு வேண்டிய முடிவு இதுதான், மறைப்பானேன். ஆனால் எனக்கு வேண்டியது என்பதாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.

முடிவு ஆ: தேறவில்லை. ஏதோ ஒரு மூட்டையில், தட்டில் ஓடாமல் சாமைக்குள் ஒளிந்துகொண்ட ஒரே ஒரு கடுகு. மினி லாரி மலை ஏறுகிறது. வியாபாரியின் வண்டி தன் படியோடு பின்னாலேயே ஏறுகிறது. பச்சையம்மா சொன்ன வார்த்தைப்படி அதன் பிறகு எந்த வாசலிலும்

இதை மூன்று வரிக்கு மேல் எழுத முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு இ: கோகுலகிருஷ்ணன் ஜெர்மனிக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறான். ‘கடுகு கலந்திருக்கலாம்’ என்று பாக்கெட் மேல் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினால் வாங்கிக்கொள்வீர்களா என்று. பதில் இன்னும் வரவில்லை. வந்து, சரி என்றால், பச்சையம்மா போட்ட திருஷ்டி ஜெர்மன் மொழியில் அச்சாகி ஒவ்வொரு பாக்கெட்டிலும் உட்காரும். எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. பச்சையம்மாவுக்கு நல்லதா என்பது வேறு.

இன்று வெள்ளிக்கிழமை. கதையை இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் என் பக்கத்தில் டிராக்டர் விளம்பரம் போட்டுவிடுவதாகச் சசிகலா சொல்லியிருக்கிறாள். ஆய்வுக்கூடத்தின் பதில் நாளை சாயங்காலம் நாலு மணிக்கு. நான் ஒரு நாள் முந்திவிட்டேன். அதனால் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடலாம் என்று முடிவு ‘அ’வை நகல் எடுக்க உட்கார்ந்தேன். மாலை போடும் வரை வந்திருந்தேன். போன் அடித்தது.

8

“மேடம், கதைய எழுதிட்டீங்களா?” பச்சையம்மா.

“முடியப் போவுது. ஜெயிச்சிட்ட மாதிரி எழுதிக்கிட்டிருக்கேன்.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“அத அடிச்சிடுங்க மேடம்” என்றாள்.

“ஏன்?”

“எத்தினி பேரு படிப்பாங்க உங்க புஸ்தகத்த?”

சசிகலா சொல்லும் எண்ணிக்கையைச் சொன்னேன். உண்மையான எண்ணிக்கை அதில் பாதி இருக்கும்.

“அத்தினி பேரு கண்ணும் படும். கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே ஏறிட்டுதுன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? நானும் இந்தத் தடவ மூட்டையில ஒண்ணும் போடல.”

“அப்போ தோத்ததா எழுதட்டுமா?”

“அத வேற இன்னாத்துக்கு வாயால சொல்லணும்?”

“அப்போ கதை பாதியில நிக்குமே பச்சையம்மா. படிக்கிறவங்க என்னைத் திட்டுவாங்க.”

“திட்டட்டும். கொழந்தைக்குக் கன்னத்துல கோணலா ஒரு மைப் பொட்டு வெக்கறதில்லயா? அது அழகுக்கா? அதப் பாத்துட்டு, சே, கெடுத்துட்டாங்களேன்னு நெனச்சிக்கினு போவட்டும்னுதான. அது மாதிரி ஒண்ணு இதுலயும் கெடக்கட்டும்.” பிறகு, யோசித்துவிட்டு, “நாளைக்கு நாலு மணிக்கு மாமாவும் நானும் கொட்டகையிலதான் இருப்போம். மாமா கடுகு டப்பாவ எடுத்துக்கினு வர்றேன்னாரு. பாஸான ஒடனே சுத்திப் போடணுமாம். வெளியிலதான். உள்ள இல்ல” என்றாள்.

முடிவு ‘அ’வை அடித்துவிட்டேன்.

ஆகவே, வாசகரே, கதை இப்படி நிற்பதற்கு என் சோம்பல் காரணம் இல்லை. இதைப் படிக்கும்போது உங்கள் மனதில் ஒரு முடிவு வந்திருக்கும். எனக்கும் இருக்கிறது, உங்களுடையதும் என்னுடையதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை வைத்துக்கொள்ளுங்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்கூட. உலகத்துக்குச் சோறு போடும் நாட்டில் எங்கோ ஒரு கொட்டகையில் இரண்டு பேர் ஒரு கடுகு டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மணி மூன்று ஐம்பத்தைந்து. போன் நடுவில் கிடக்கிறது. அது அடிக்கிறது. தீர்த்தகிரி டப்பாவின் மூடியைத் திறக்கிறார். பச்சையம்மா போனை எடுத்துக் காதில் வைத்து,